பள்ளத்துக் குரல்கள்

செங்குளத்துப்பட்டிக்கு வெளியே, ரயில்வே கேட்டைத் தாண்டி, கரிசல் முடிந்து சரளை மண் தொடங்குகிற இடத்தில் முல்லை நகர் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. அதன் நான்காம் தெருக் கடைசி வீட்டில் இந்திராணி இருந்தாள். மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. அந்த வேலையில் அவளுக்கு இருபத்தாறு வருடம் போயிருந்தது, அதில் கடைசிப் பதினான்கு வருடமாக, யாரும் கேட்காமலும் யாருக்கும் காட்டாமலும், தன் வீட்டைச் சுற்றி ஊர்வதையும் தாவுவதையும் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

அது தொடங்கியதே மீட்டர் பெட்டியில்தான். இரண்டாம் தெருவில் ஒரு பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஓட்டுப்பாம்பு ஒன்று வயருக்கும் மரப்பலகைக்கும் நடுவே சுருண்டு கிடந்தது, பக்கத்தில் பல்லி முட்டைகள் இரண்டு பொட்டு வைத்தாற்போல் ஒட்டியிருந்தன. பாம்பு அவளைப் பார்த்தது, அவள் பாம்பைப் பார்த்தாள், எண்ணைக் குறித்துக்கொண்டு சத்தமில்லாமல் மூடியைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலவும் யாரிடமும் சொல்லக் கூடாது போலவும் இருந்ததால், எழுதி வைத்தாள். அதன்பிறகு துவைகல்லுக்கு அடியில் இருந்த தேரை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வால் முளைத்துக்கொண்டிருந்த அரணை, வேலியில் தலை சிவந்து நின்ற ஓணான் என்று வீட்டிலிருந்து இருநூறு அடிக்குள் அவள் கண்ணில் பட்டதெல்லாம் தேதியோடு நோட்டில் ஏறின. பார்க்கலாம், தொடக் கூடாது என்பது அவள் தனக்கு வைத்துக்கொண்ட ஒரே கட்டு.

வீட்டுக்குப் பின்னால் பெரிய பள்ளம். நாலுவழிச் சாலை போட்ட காலத்தில் மண் அள்ளிய இடம். ஐப்பசி ஒன்பதாம் தேதி பெய்த மழையில் அது இடுப்பளவு நிரம்பியது. விடிந்ததும், எட்டு மாதம் மண்ணுக்கடியில் கிடந்த பெருந்தவளைகள் மேலே வந்து எலுமிச்சம்பழ நிறத்துக்கு மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு மிதந்தன. வருடா வருடம் அப்படித்தான், ஆண் தவளைகள் பெண்களைக் கூப்பிடும் சத்தம் பட்டப்பகலிலேயே நான்கு தெருவுக்கும் கேட்கும். அந்த வருடம் காலை பதினோரு மணிக்கு அவை கத்தவில்லை, பேசின.

இந்திராணி முதலில் கேட்டது மூன்றாம் தெரு சொர்ணத்தின் குரல். சொர்ணம் செத்து மூன்று வருடம். "பால் பொங்குது, யாராவது பாருங்களேன்" என்றது தவளை. சற்றுப் பொறுத்து, நீலப் பையை மறுபடி ஊதி, அதே சலிப்போடு அதையே சொன்னது. இந்திராணி குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நோட்டை எடுத்து எழுதினாள்: *பெருந்தவளை, ஆண். வட கரை, கோரைக்கு அருகே. குரல் சொர்ணம் அக்காவுடையது.*

மத்தியானத்துக்குள் ஊர் கூடிவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகூர் மீரான், ஜெராக்ஸ் கடையைப் பாதி சாத்திவிட்டு, இது யாரோ ஸ்பீக்கர் கட்டி விளையாடுகிற வேலை என்று வயரைத் தேடிக்கொண்டு வந்தவர், தண்ணீருக்குப் பக்கத்தில் வந்ததும் இறந்துபோன அவருடைய வாப்பா "மீரான், பின்கதவைச் சாத்துனியா?" என்று கேட்டதைக் கேட்டார். அறுபது வயது மனிதர், வெள்ளை வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்து, "சாத்திட்டேன் வாப்பா" என்றார். அதற்குப் பிறகு வயரை யாரும் தேடவில்லை.

ஒரு தவளைக்கு ஒரு ஆள், ஒரு ஆளுக்கு ஒரே வாக்கியம், அந்த வாக்கியத்திலும் பெரிதாக எதுவும் இல்லை. செத்தவர்கள் வந்து பேசினால் ரகசியம் சொல்வார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், சாபம் விடுவார்கள் என்று நினைத்து வந்தவர்களுக்கு "மோட்டாரை நிப்பாட்டு, தண்ணி வழியுது" என்பதும் "சட்டையில பொத்தான் அந்துபோச்சு" என்பதும்தான் கிடைத்தன. கிடைத்ததைக் கேட்டு அழுதார்கள். அழுது முடித்து மறுநாளும் வந்தார்கள். பதில் சொன்னால் தவளைக்குக் கேட்டதாகத் தெரியவில்லை, ஆனாலும் எல்லோரும் பதில் சொன்னார்கள்.

பத்து நாளில் அது மழைக்காலத்தின் ஒரு பகுதியாகிப் போனது. நாகூர் மீரான் சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் அடித்து ஒட்டினார். பள்ளத்தைச் சுற்றி ஹாரன் அடிக்கக் கூடாது, காலையில் ஒன்று, இரண்டாம் தெரு, மத்தியானத்துக்கு மேல் மூன்று, நான்காம் தெரு, சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் விடக் கூடாது, அடுத்தவர் தவளையைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. பெண்கள் காய் நறுக்கும் பலகையோடு வந்து கரையில் உட்கார்ந்தார்கள். பள்ளிவாசல் இமாமும் கோயில் பூசாரியும் தனித்தனியாக வந்து பார்த்து, இதில் நமக்கு வேலையில்லை என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமியார் செத்து நிம்மதியாக இருந்த ஒரு மருமகள், "உப்பு ஒறைக்கலை" என்ற குரல் வீடு வரை கேட்கிறது என்று ஜன்னலை மூடினாள், நான்காம் நாள் திறந்து வைத்தாள். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்தபோது தவளைகள் சாதாரணமாகக் கத்தின, அவர்கள் போனதும் பேசின.

இந்திராணியைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எந்தத் தவளை எந்த மூலையில் இருக்கிறது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. "மேற்கால, உடைஞ்ச குழாய்க்கு வலப்பக்கம், மூணாவது" என்று அவள் கை காட்டினால், அந்த இடத்தில் யாருடைய அப்பாவோ இருந்தார். அவளுக்கென்று அந்தப் பள்ளத்தில் யாரும் இல்லை. அவளுடைய ஆட்கள் வேறு ஊரிலேயே வாழ்ந்து செத்தவர்கள், முல்லை நகரில் அவர்கள் குரல் ஒரு நாளும் கேட்டதில்லை.

கார்த்திகை பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது ஜோதிமுருகன் மனைவியைப் பாம்பு விழுங்கியது. ஊர் அதை அப்படித்தான் சொன்னது. அவர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். மனைவி போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் மூன்று மணிக்கு வந்து, மோட்டாரை நிப்பாட்டச் சொல்லும் அந்தக் குரலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்காருவார். அன்று கோரைக்குள்ளிருந்து வந்த தண்ணீர்ப் பாம்பு அவர் கண்ணெதிரே அந்தத் தவளையைப் பின்னங்காலில் பிடித்தது. அவசரமில்லாமல் விழுங்கியது. பாதி உள்ளே போன பின்னும் குரல் கேட்டது, முழுதும் உள்ளே போன பின்னும், சுவருக்கு அப்பாலிருந்து வருவது போல "தண்ணி வழியுது" என்று ஒரு தரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஜோதிமுருகன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் கம்போடு இறங்கினார்கள். இருக்கிற பாம்பையெல்லாம் அடித்துவிட வேண்டும், இன்றைக்கு அவர் வீடு, நாளைக்கு நம் வீடு என்றார்கள். வயிறு புடைத்த பாம்பு நகர முடியாமல் ஆழமில்லாத தண்ணீரில் கிடந்தது. இந்திராணி புடவையோடு இறங்கி அதற்கு முன்னால் நின்றாள்.

"அண்ணே, அது பசிக்குத் தின்னுது. பதினாலு வருசமா இங்கதான் தின்னுட்டுக் கெடக்கு. அதுக்கு உங்க வீட்டைத் தெரியாது, எங்க வீட்டைத் தெரியாது."

"விலகு இந்திராணி. எம் பொண்டாட்டி அதுக்குள்ள இருக்கா."

"அக்கா அதுக்குள்ள இல்லண்ணே."

"பின்ன எங்க இருக்கா? சொல்லு. உனக்குத்தான் எல்லா மூலையும் தெரியுமே, நோட்டைப் பாத்துச் சொல்லு."

அந்த மூலை நோட்டில் இல்லை. இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஜோதிமுருகன் அந்த முகத்தைப் பார்த்தார், பிறகு கடப்பாரையைத் தண்ணீரில் ஊன்றி அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். கரையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கம்பைக் கீழே போட்டார்கள். மறுநாளும் அவர் முக்காலியோடு வந்தார். தன்னுடையது இல்லாததால் சொர்ணத்தின் பாலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பள்ளத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி மட்டும் கேட்காமல் இருப்பதற்காக வந்தாள். அவள் சண்முகத்தாய், இந்திராணிக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், அறுபத்து மூன்று வயது, சர்க்கரை வியாதிக்காரி. அவளுடைய ஒரே மகன் கற்பகராஜ் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன். ஆறு வருடமாக அவனைப் பற்றித் தகவல் இல்லை. வண்டிக்காரர்கள் அவன் நடுவழியில் இறங்கிப் போய்விட்டான் என்றார்கள், போலீஸில் எழுதிக்கொடுத்தது அப்படியே கிடந்தது. இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

தவளைகள் பேசத் தொடங்கிய மூன்றாம் நாள்தான் அவள் பயந்துகொண்டே முதலில் வந்தாள். கரையை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு குரலாகக் காது கொடுத்துக் கேட்டு, அவன் குரல் அங்கே இல்லை என்று தெரிந்ததும், ஆறு வருடத்தில் யாரும் பார்க்காத சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் வந்தது. அன்றிலிருந்து தினமும் வந்து ஒரு சுற்று நடப்பாள், முடிந்ததும் இந்திராணி வீட்டுப் பின்வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாள்.

"இன்னைக்கும் இல்ல தாயி. எம் புள்ள இருக்கான்."

கார்த்திகை ஒன்றாம் தேதி காலை, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, ஆட்கள் அதிகம் போகாத தென்மேற்கு மூலையில், கருவேல முள்ளுக்கடியில் இந்திராணி ஒரு குரலைக் கேட்டாள்.

"எம்மா, சார்ஜ் இல்லம்மா. பெறகு கூப்புடுதேன்."

இருபத்து நான்கு வயதிலும் நடுவில் உடைகிற கற்பகராஜின் குரல் அது. மொட்டைமாடியில் நின்று போன் பேசினால் தெருவுக்கே கேட்கிற குரல். மூன்று தரம் கேட்டாள், நான்காம் தரம் கேட்க அவளுக்குத் தேவையில்லை. நோட்டைத் திறந்தாள், தேதி போட்டாள், மேற்கொண்டு எழுதாமல் மூடினாள்.

சண்முகத்தாய் வர இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. இந்திராணி வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தூக்குவாளியைக் காலி செய்து, மூடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, ஈரக் கோரைப் புல் பரப்பி, பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு உயிரைக் கையால் தொட்டுப் பிடித்தாள். கனமாக இருந்தது, குளிர்ந்திருந்தது, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் அடங்காமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக் கிளம்பினாள். ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்து நிற்கும்போது வாளிக்குள்ளிருந்து அவன் பேசினான், பக்கத்தில் பைக்கில் இருந்தவர், "யக்கா, போன் பேசுது பாருங்க" என்றார். அவள் தலையை ஆட்டினாள். சரக்கு ரயில் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஏழு கிலோமீட்டர் தள்ளி நெடுங்கண்மாய், கரை மட்டும் ஒரு மைல் நீளம். அங்கே மடைக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் விட்டாள். அது இரண்டு தாவலில் மறைந்து போனது.

அன்று மாலை சண்முகத்தாய் வந்து, "இன்னைக்கும் இல்ல தாயி" என்றாள். "நல்லதுக்கா" என்றாள் இந்திராணி.

அடுத்த நாளும் இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த நாளும். சண்முகத்தாய் நாளுக்கு நாள் இளமையானாள். பூட்டிக் கிடந்த மகன் அறையைத் திறந்து வெள்ளையடித்தாள், அவன் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தாள், மருந்தை நேரத்துக்குச் சாப்பிட்டாள், தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசினாள். இந்திராணி நோட்டு எழுதுவதை விட்டாள். முற்றத்தில் அரணை ஓடினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கார்த்திகை இருபத்து மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, சண்முகத்தாய் கூப்பிட்டாள் என்று அவள் வீட்டுக்குப் போனபோது, நடுவீட்டில் பை ஒன்று வாய் திறந்து கிடந்தது. முறுக்கு டப்பா, இரண்டு சேலை, அவனுடைய புதுச் சட்டை, அவன் போட்டோ பெரிதாக்கிய ஜெராக்ஸ் காகிதங்கள் ஒரு கட்டு.

"திங்கக்கிழம ரயிலு. மீரான் பாய்தான் டிக்கெட் போட்டுக் குடுத்தாரு" என்றாள் சண்முகத்தாய். "கடைசியா பேசுன ஊருக்குப் போயி எறங்கிருவேன். போட்டோவக் காட்டி ஒவ்வொரு ஆளாக் கேப்பேன். பாஷ தெரியாட்டி என்ன, புள்ளயத் தேடுற அம்மான்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? இத்தன வருசம் எந்தத் தைரியத்துல போவன்னு கெடந்தேன். இப்பத்தான் தெரிஞ்சு போச்சே, இருக்கான்னு."

இந்திராணி பைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"யக்கா, போகாத."

"ஏன் தாயி?"

"அவன் வந்தான்க்கா. பள்ளத்துக்கு வந்தான். நான்தான் கொண்டுபோய் விட்டுட்டேன்."

சண்முகத்தாய் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. காலரை நேராக்கி, கையை உள்பக்கம் மடித்து, நான்காக மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் கேட்டாள்.

"என்ன சொன்னான்?"

இந்திராணி சொன்னாள்.

"அதுதான் அவன் கடேசியாப் பேசுனது" என்றாள் சண்முகத்தாய். "நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எத்தன நாளாச்சு நீ கேட்டு?"

"இருபத்திரண்டு நாள்."

"இருபத்திரண்டு நாளும் நான் சிரிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போனேன். நீ பாத்துக்கிட்டு நின்ன."

"ஆமாக்கா."

அவள் அடிப்பாள் என்று இந்திராணி எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். சண்முகத்தாய் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எந்தத் தண்ணியில விட்டயோ அங்க என்னக் கூட்டிட்டுப் போ."

அன்று போனார்கள், கிடைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் மறுபடி போனார்கள். மழைக்காலம் முடிகிற நேரம். இன்னும் நான்கைந்து நாளில் தவளைகள் நிறமிழந்து மண்ணுக்குள் போய்விடும் என்று இந்திராணிக்குத் தெரியும், அதை அவள் சொல்லவில்லை. நெடுங்கண்மாயில் ஆயிரக்கணக்கில் தவளைகள் இருந்தன, எல்லாம் வெறும் தவளைகள், தவளை கத்துகிறபடி கத்தின. ஒரு மைல் கரையை அவர்கள் ஒரு தடவை போய்த் திரும்பினார்கள், இரண்டாம் தடவை போய்த் திரும்பினார்கள். சண்முகத்தாயின் காலில் முள் குத்தி ரத்தம் வந்ததை அவள் கவனிக்கவில்லை. இரண்டு பேரும் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் அந்த நேரத்தில் அவன் பேசிவிட்டால் கேட்காமல் போய்விடும்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் கூடி, காற்று நின்று, பூத்தூறலாக விழுந்தது. மடையிலிருந்து எண்பது அடி தள்ளி, தண்ணீரில் சாய்ந்து கிடந்த பனைமட்டைக்குப் பக்கத்தில், தூறலைக் கண்ட ஒன்று நீலப் பையை ஊதியது. இந்திராணிக்கு முன்னால் சண்முகத்தாய்க்குக் கேட்டது.

"எம்மா, சார்ஜ் இல்லம்மா. பெறகு கூப்புடுதேன்."

அவள் கரைச் சரிவில் அப்படியே உட்கார்ந்தாள். மஞ்சள் மங்கத் தொடங்கியிருந்த அந்தத் தவளை அவளிடமிருந்து நான்கு முழத் தூரத்தில், அவளைப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. அவள் எண்ணவில்லை, அழவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்வதைக் கேட்கிற தாயைப் போல, ஒவ்வொரு தரமும் உதட்டை அசைத்துக்கொண்டு கேட்டாள். தூறல் வலுத்தது, குறைந்தது, மேகம் கிழக்கே நகர்ந்தது, கண்மாய்க்கு அக்கரையில் ஆடு மேய்ப்பவன் யாரையோ கூப்பிட்டான். அப்போது அவள் போனில் பேசுகிறவளைப் போலச் சற்றுச் சத்தமாகச் சொன்னாள்.

"சரிய்யா. வச்சிரு."

தவளை இன்னும் இரண்டு தரம் சொன்னது. பிறகு பனைமட்டைக்கு அடியில் போனது.

இந்திராணி தள்ளி நின்றாள். கிட்டே போகத் தனக்கு உரிமையில்லை என்று நின்றாள். சண்முகத்தாய் எழுந்து, காதுத் தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு அடியாகத் தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு போனதும் நின்று திரும்பினாள்.

"நீயும் வா."

"நான் எதுக்குக்கா?"

"அவன உங்கையில தூக்கிட்டு வந்தவ நீதான? வேற யாரு தூக்குனா அவன? தூக்குனவங்க முங்காம வீட்டுக்குப் போகக் கூடாது. எறங்கு."

இந்திராணி செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது, அடியில் சேறு காலை உள்ளே வாங்கியது. சண்முகத்தாய் அவள் பிடரியில் கையை வைத்து, கோபத்தோடா ஆதரவாகவா என்று தெரியாத அழுத்தத்தில், மூன்று தரம் அவளை அமிழ்த்தி எடுத்தாள், பிறகு தானும் மூன்று தரம் முங்கினாள், மூன்றாம் தரம் மேலே வரும்போதுதான் அவள் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஆறு வருடம் உள்ளே கிடந்த சத்தம். அது கண்மாய் முழுக்கப் பரவி, கரையில் மோதித் திரும்பியது. அதைக் கேட்டதும் ஆயிரக்கணக்கான தவளைகளும் ஒரே நேரத்தில் நின்றன, ஆடு மேய்ப்பவன் துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

அழுது முடிந்ததும் இரண்டு பேரும் கரையேறினார்கள், துணியைப் பிழியாமல், ஈரத்தோடேயே நடந்தார்கள்.